நான் படிக்காத ஏழு கட்டுரைகள்

புதன்கிழமைக்குள் என் முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். வெள்ளிக்கிழமை எங்கள் கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வுக் குழு வருகிறது, நூலகரின் தகுதியையும் பார்க்கும். அதற்கு முன் அந்த ரசீது முதல்வரின் மேசையில் இருந்தால் நூலகர் வேலை எனக்கு நிரந்தரம். இல்லாவிட்டால், முனைவர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சேலத்தில் காத்திருக்கிறார். முதல்வர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். ஒன்பது வருடமாகத் தற்காலிக நூலகராகவே காலம் தள்ளியவளுக்கு அந்த அக்கறையே மிரட்டலைவிடப் பயமாக இருந்தது.

கல்லூரி மலையடிவாரத்தில் இருந்தது. வார நாட்களில் அங்கேயே ஓர் அறையில் தங்குவேன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி, மலைமேல் வாழவந்தி நாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன். நாடு என்றால் எங்கள் மலையில் சில ஊர்களின் தொகுப்பு. அந்தச் சனிக்கிழமை ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. லேப்டாப்பைப் பாலிதீன் பையில் போட்டு, அதை ஒரு துண்டில் சுற்றி, மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு வளைவில் மண் சரிந்து கல் விழுந்து கிடந்தது. ஆண்கள் இறங்கி அதை உருட்டும்வரை பஸ் நின்றது. நான் படபடத்துக்கொண்டிருப்பது தெரியாமல் முன் சீட்டுக்காரர் திரும்பி, "ஏனுங்க டாக்டரம்மா, முட்டிவலிக்கு என்னங்க பண்றது?" என்று கேட்க, வண்டியே சிரித்தது. பட்டமே இன்னும் வரவில்லை, அதற்குள் ஊர் முழுக்க இந்தக் கேலிதான். "மல ஏறி எறங்காம ஊட்டுல கெடங்க, சரியாப் போயிரும்" என்றேன். வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

என் ஆராய்ச்சி என்ன என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. இயந்திரவியல் ஆராய்ச்சி இதழ் ஒன்று இருக்கிறது. உத்தரம் எவ்வளவு வளையும், தகடு எப்போது கிழியும், பற்சக்கரம் ஏன் தேயும் என்றெல்லாம் அதில் எழுதுவார்கள். அந்தக் கணக்கு எனக்கு ஒரு மண்ணும் புரியாது. புரிந்துகொள்வது என் வேலையும் இல்லை. பத்து ஆண்டுகளில் அந்த இதழில் ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகள் வந்தன, தனியாக எழுதியவர்கள் எத்தனை பேர், கூட்டாக எழுதியவர்கள் எத்தனை பேர், எந்தக் கட்டுரையை எத்தனை பேர் பிறகு மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுவதுதான் என் வேலை. ஒருவர் தன் கட்டுரையின் கடைசியில் 'இன்னாருடைய இந்தக் கட்டுரையைப் பார்த்தேன்' என்று ஒரு வரி போடுகிறாரே, அதுதான் மேற்கோள். அந்த வரிகள் கூடக் கூட இதழுக்கு மதிப்பு, எழுதியவருக்கும் மதிப்பு. பதவி உயர்வுகூட அதை வைத்துத்தான் வருகிறது.

தலைப்பைத் தந்தவரே முதல்வர்தான். அவர் இயந்திரவியல்காரர், அந்த இதழின் ஆசிரியர் குழுவிலும் இருப்பவர். "நம்ம ஜர்னலையே எடுங்க மேடம். தகவலெல்லாம் நான் வாங்கித் தாரேன்" என்றார். சொன்னபடி வாங்கித் தந்தார். படிப்புக்கு விடுப்பு கேட்டபோது முகம் சுளிக்கவில்லை. என் மாமியார் இறந்தபோது மலையேறி வந்து, எங்கள் வாசலில் விரித்த பாயில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததைக் கேட்டவர்கள் எல்லோரும் அவரைத் திட்டுவதற்குத்தான் அவசரப்பட்டார்கள்.

என் ஆய்வேட்டில் ஒரு வரைபடம் இருந்தது. இதழுக்கு வந்த மேற்கோள்களின் கோடு பல ஆண்டுகள் தரையோடு தரையாகக் கிடக்கும். கடைசி இரண்டு ஆண்டுகளில் விசுக்கென்று மேலே ஏறும். அதன் கீழே, 'இதழின் தரம் உயர்ந்துவருவதை இது காட்டுகிறது' என்று பெருமையாக எழுதியிருந்தேன். என் கைடு சேலத்தில் பேராசிரியர், கண்டிப்பான அம்மா. படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஏத்தத்த மட்டும் மூலத்தோட ஒருதரம் ஒத்துப் பாத்துரும்மா. வைவாவுல மொதக் கேள்வியே இதுலதான் வரும்" என்றார். அதனால் அந்த இரண்டு ஆண்டுகளில் இதழை மேற்கோள் காட்டிய கட்டுரைகளையெல்லாம் கல்லூரியில் இறக்கி லேப்டாப்பில் கொண்டுவந்திருந்தேன். கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான்.

ஒத்துப் பார்ப்பதற்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. நூலகத்தில் வருடா வருடம் புத்தகச் சரிபார்ப்பு நடக்கும். ஒருவர் அலமாரியைப் பார்த்து வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் பதிவேட்டில் டிக் போடுவார். தனியாகக் கண்ணால் பார்த்தால் தூக்கத்தில் தவறிவிடும். வாய்விட்டுப் படித்தால் தவறாது. வீட்டில் எனக்கு டிக் போடுகிற ஆள் என் கணவர். மிளகும் மரவள்ளிக் குச்சிக்கிழங்கும் பயிரிடுகிறவர், பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். மழைக்குக் காட்டுப் பக்கம் போக முடியாமல் ரேடியோவைக் குடைந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, அந்த நோட்ட எடுத்துட்டு வாங்க."

"மறுக்காவா? போன வாரந்தான புள்ள பத்து வருசக் கூட்டலையும் போட்டோம்."

"போட்டா என்ன, தேஞ்சா போயிட்டீங்க? உக்காருங்க."

கரண்ட் போயிருந்தது. பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போய், எங்கள் இதழின் கட்டுரைகள் அங்கே எவையெவை என்று படிப்பேன். ஆங்கிலத் தலைப்புகள் முழ நீளம் இருக்கும் என்பதால் அவருக்காக ஒரே சொல்லாகச் சுருக்கி வைத்திருந்தேன். உத்தரம், தகடு, விரிசல் என்று நான் சொல்ல, அவர் அந்தந்தக் கட்டத்தில் டிக் போடுவார்.

ஐந்தாவது கோப்பிலோ ஆறாவது கோப்பிலோ நான் "உத்தரம், தகடு" என்றதும், அவர் தலையை நிமிர்த்தாமலே, "விரிசல், பற்சக்கரம், பேரிங்" என்று தானாகச் சொல்லிக்கொண்டு போட்டார்.

"நான் படிக்கறதுக்கு முன்னால போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"நீ எப்பவும் அதத்தான படிக்கற."

"எப்பவும்னா?"

"உத்தரம், தகடு, விரிசல், பற்சக்கரம், பேரிங், வெல்டிங், ஸ்பிரிங். நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கறேன், ஒருக்காக்கூட மாறல."

திரையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. திரும்பிப் போய் முந்தைய கோப்புகளைத் திறந்தேன். ஒன்று பட்டுப்பூச்சி வளர்ப்பு பற்றி, ஒன்று ஊழியர்களின் மனநிலை பற்றி, ஒன்று கிணற்று நீர் பற்றி. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எல்லாவற்றின் கடைசியிலும் அதே ஏழு இயந்திரவியல் கட்டுரைகள், அதே வரிசையில். என் கணினி அட்டவணையில் நான் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாகக் கூட்டி வைத்திருந்ததால் வரிசை கலைந்துபோய், இது என் கண்ணில் படவே இல்லை. மாதக்கணக்கில் அந்த அட்டவணையை முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த கோப்பைத் திறந்துவிட்டு, "இப்ப நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் சொல்லச் சொல்ல நான் திரையில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். ஏழும் பொருந்தின. அதற்கடுத்ததும் அப்படியே. உண்மையான இயந்திரவியல் கட்டுரைகள் சிலவும் நடுவில் வந்தன. அவற்றில் இரண்டோ மூன்றோ மேற்கோள்கள்தான், அதுவும் இடத்துக்குத் தகுந்த மாதிரி. ஏழு வரிக் கூட்டம் முழுக்க ஒரே இடத்திலிருந்து வந்திருந்தது. எங்கள் கல்லூரியிலேயே இரண்டு வருடம் தொடர்ந்து நடந்த கான்பரன்ஸ். பொறியியல், மேலாண்மை, வேளாண்மை என்று எல்லாவற்றையும் ஒரே பந்தலில் போட்டு நடத்தியது. அந்த ஏழு கட்டுரைகளில் மூன்று முதல்வருடையவை. மீதி நான்கும் அவரோடு ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் எழுதியவை.

"தப்பா புள்ள இது?" என்று கேட்டார் என் கணவர்.

"தப்பான்னா கேக்கறீங்க? பச்சத் திருட்டு. எவனோ குந்திக்கிட்டுப் பட்டியல ஒட்டியிருக்கறான். இவுங்களும் வாயப் பொளந்துக்கிட்டுச் சரின்னு சொல்லியிருக்காங்க. தான் எழுதுனதோட கடைசிப் பக்கத்துல என்ன இருக்குதுன்னு பாக்கத் துப்பில்லாதவனெல்லாம் எதுக்குங்க ஆராய்ச்சி பண்ண வர்றான்? மாடு மேய்க்கப் போறது!"

"மாடு மேய்க்கறதும் சுளுவில்ல புள்ள" என்றார்.

அடுத்த கோப்பைத் திறந்தேன். முதல் பக்கத்தில் என் பெயர் இருந்தது.

மலைப்பள்ளிகளின் வாசிப்பு அறைகள் பற்றி அதே கான்பரன்ஸுக்கு நான் எழுதிய கட்டுரை அது. குண்டனி நாட்டிலும் திண்ணனூர் நாட்டிலும் பள்ளி பள்ளியாக நடந்து போய், எந்த அறையில் பூட்டுத் தொங்குகிறது, எந்த அறையில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று பார்த்து எழுதியது. என் வாழ்க்கையில் நான் உருப்படியாக எழுதிய ஒன்று என்றால் அதுதான். அதற்கு நான் கொடுத்த மேற்கோள்கள் ஐந்து. கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பன்னிரண்டு இருந்தன. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை, உத்தரம் முதல் ஸ்பிரிங் வரை. மேலே போய்ப் பார்த்தால், 'சிறுவர்களின் வாசிப்புப் பழக்கத்தை நவீன ஆய்வுகள் வலியுறுத்துகின்றன' என்று நான் எழுதாத ஒரு வாக்கியம் இருந்தது. அதற்கு ஆதாரமாக அந்த ஏழு எண்களைப் போட்டிருந்தார்கள்.

எப்படி நடந்தது என்று எனக்கு உடனே நினைவு வந்தது. அச்சுக்கு முன் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கட்டுரையைப் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். என் பெயர் சரியா, இனிஷியல் சரியா, தலைப்பு சரியா என்று மட்டும் பார்த்தேன். மலைக்குப் போகும் பஸ் உள்ளே நுழைந்தது. 'சரி' என்பதை அழுத்திவிட்டு ஓடிப்போய் இடம் பிடித்தேன். ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு, ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பவள் நான்.

"படி புள்ள, போடறேன்" என்று அவர் பேனாவோடு காத்திருந்தார்.

ஏழையும் படித்தேன். ஏழு டிக் போட்டார். "இது யாருது?" என்றார்.

"என்னுதுங்க."

அவர் பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்தார். வெளியே மழை ஓயவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. என்னிடம் சரியாக இரண்டுதான் இருந்தன. அதில் ஒன்று இது. இந்தக் கட்டுரையைத் தப்பு என்று சொன்னால் புதன்கிழமை கிடையாது, ரசீது கிடையாது, வேலையும் கிடையாது. சொல்லாவிட்டால், அந்தக் கோட்டுக்குக் கீழே தரம் உயர்ந்தது என்று நான் எழுதிய பொய் அப்படியே அச்சாகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். எழுந்ததும் உட்கார்ந்து புது அட்டவணை ஒன்று போட்டேன். அதே ஏழு வரிகளைக் கொண்ட கட்டுரைகள் எவையெவை, எழுதியவர் யார், எந்தப் பக்கம் என்று வரிசையாக எழுதினேன். 'இந்த உயர்வு இயல்பானதல்ல' என்று கீழே குறிப்பும் எழுதினேன். என் கட்டுரையை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு வரி குறைவதால் உண்மை ஒன்றும் மாறிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எனக்கே என் மேல் கொஞ்சம் பெருமைகூட வந்தது. முதல்வரை எதிர்த்து எழுதுகிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்?

பழக்க தோஷம், அதையும் ஒத்துப் பார்க்க என் கணவரைக் கூப்பிட்டேன். நான் கோப்பு எண்ணைப் படிக்க, அவர் நேற்றைய நோட்டில் டிக்குக்குப் பக்கத்தில் இன்னொரு டிக் போட்டுக்கொண்டே வந்தார். முடிந்ததும் பேனா முனையால் எண்ணினார்.

"ஒன்னு கொறையுது புள்ள."

"சரியாப் பாருங்க."

"ரெண்டு தடவ எண்ணிட்டேன். நேத்து ஒன்னு சாஸ்தி."

"நேத்துத் தப்பாப் போட்டிருப்பீங்க."

அவர் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "ஓ, நம்முதா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கேலி இல்லை, குற்றம் சொல்வதும் இல்லை. அதனால்தான் எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

"ஆமாங்க, நம்முதுதான். எடுத்துட்டேன். இப்ப அதுக்கென்ன? ஒம்பது வருசமா அந்தப் புஸ்தகத்தத் தொடச்சு அடுக்குனது நானு. கரையான் புடிச்சப்ப ராப்பகலாக் காய வெச்சது நானு. எவனோ ஒட்டுனதுக்கு நான் எதுக்குங்க தெருவுல நிக்கோணும்? ஒங்களுக்கென்ன, மழ நின்னாக் காட்டுக்குப் போயிருவீங்க. நான் எங்க போறது?"

"எடுக்காதன்னு நான் எங்க சொன்னேன்? நோட்டுலயும் அத அடிச்சிரட்டுமான்னுதான் கேக்க வந்தேன்."

"அடிங்க! நல்லா அடிங்க!"

அவர் பேனாவை எடுத்தார். எடுத்தவர், அடிக்காமல், நோட்டோடு சேர்த்து அதை என் பக்கம் நகர்த்தினார். "நீயே அடிச்சிரு கண்ணு. இதுல இருக்கறதெல்லாம் நீ படிச்சுத்தான நான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

நோட்டை எடுத்து அந்த வரியைப் பார்த்தேன். ஏழு டிக், கொஞ்சம்கூடக் கோணாமல். அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். முடியவில்லை. எனக்கு நேர்மை பொங்கி வந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வெட்கம்தான் வந்தது. நேற்று யாரையெல்லாம் துப்பில்லாதவன் என்று திட்டினேனோ, அவர்களுடைய பெயர்களை எல்லாம் எழுதி வைத்துவிட்டு, என்னை மட்டும் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறேன். அவர்களும் என்னைப்போல ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களாகக்கூட இருக்கலாம். அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பயத்தில்தான் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அட்டவணையில் என் பெயரை அதற்குரிய இடத்தில் சேர்த்தேன்.

திங்கட்கிழமை காலை செம்மேட்டில் பஸ் மாறும்போதுதான் சிக்னல் கிடைத்தது. ஒரு டீக்கடை ஓரம் ஒதுங்கி நின்று, கான்பரன்ஸ் கட்டுரைகளை வெளியிட்ட பதிப்பகத்தாரின் படிவத்தைப் போனிலேயே நிரப்பினேன், என் கட்டுரையைத் திரும்பப் பெறுவதற்காக. 'காரணம்' என்ற இடத்தில் நான்கைந்து தேர்வுகள் இருந்தன. என்னைக் கேட்காமல் யாரோ சேர்த்துவிட்டார்கள் என்று ஒன்று இருக்கிறதா என மேலும் கீழும் தேடினேன். இல்லை. 'ஆசிரியரின் தவறு', அதாவது கட்டுரை எழுதியவருடைய தவறு, என்று ஒன்று இருந்தது. அதை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் கைடுக்குப் போன் செய்தேன். முன்னாலேயே செய்திருந்தால் மனம் மாறியிருப்பேன்.

அந்த அம்மா முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். "ஏம்மா, ஒனக்கு வேற நாளே கெடைக்கலியா?" என்றார். பிறகு, "இன்னொரு கட்டுர எழுதி வெளிய வர ஒரு வருசமாகும். தெரியுமில்ல?" என்றார்.

"தெரியுங்க மேடம்."

"வேல?"

"போயிருமுங்க."

"அந்த அட்டவணைய அனுப்பி வை. தனி அத்தியாயமாப் போட்டுரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஆறுதலை எதிர்பார்க்க முடியாது.

செவ்வாய்க்கிழமை முதல்வர் அறைக்குப் போனேன். அட்டவணையை அவர் நின்றபடியே படித்தார். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏழுல மூணு என்னுது" என்றார்.

"ஆமாங்க சார்."

"நான் போடச் சொல்லல மேடம். பார்மேட்டிங் பாத்தவங்க, நம்ம ஜர்னல் நாலு பேருக்குத் தெரியட்டும்னு அவங்களாப் போட்டது." அட்டவணையை மேசையில் வைத்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சப்போ வேண்டாம்னும் சொல்லல" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. "வெள்ளிக்கிழம கமிட்டி வந்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் இத வெளிய எடுக்காதீங்க. ரசீதக் கொண்டாந்து வெச்சு வேலைய வாங்கிக்குங்க. சனிக்கிழமைக்கு மேல நீங்க என்ன எழுதுனாலும் நான் கேக்க மாட்டேன்."

அவர் உண்மையாகத்தான் சொன்னார். என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

"என் கட்டுரைய எடுக்கச் சொல்லி நேத்தே எழுதிட்டனுங்க சார். இனி ரசீது கெடைக்காதுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டிருந்தா நீங்க வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க. நானும் சரின்னு தலையாட்டியிருப்பேனுங்க."

வெள்ளிக்கிழமை கமிட்டி வந்துவிட்டுப் போனது. அடுத்த வாரம் சேலத்துக்காரர் வந்தார், நான் சாவியைக் கொடுத்தேன். எந்த அலமாரியில் மழைத் தண்ணீர் ஒழுகும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்துப் பதிப்பகத்தாரின் பதில் வந்தது. என் கட்டுரைக்குக் குறுக்கே சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது. காரணம்: ஆசிரியரின் தவறு' என்று போட்டுவிட்டார்கள். மற்ற எல்லாக் கட்டுரைகளும் துளி மாற்றமில்லாமல் அப்படியே இருந்தன. இன்றைக்கும் இணையத்தில் என் பெயரைப் போட்டுத் தேடினால் முதலில் வருவது அந்தச் சிவப்பு வரிதான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும். ஊரில் டாக்டரம்மா என்ற கேலியும் தானாக நின்றுபோனது. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

சித்திரையில் வேறொரு கல்லூரியில் நூலகர் வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாவது கட்டுரை இன்னும் வெளியாகவில்லை, பட்டமும் இல்லை. தற்காலிக வேலைதான் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அதுகூட எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் லேப்டாப்பில் என் பெயரைத் தேடிவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க சார்."

"என்னங்க இது, ஆசிரியரின் தவறுன்னு போட்டிருக்குது? நெம்பப் பெரிய தப்புங்களா?" என்று கேட்டவர் அவருக்கு வலப்பக்கம் இருந்த துறைத் தலைவர். குரலில் இரக்கம் இருந்தது. அவருக்கு முன்னால் பெயர்ப்பலகை இருந்தது. உள்ளே நுழைந்ததுமே அதைப் படித்துவிட்டேன். என் அட்டவணையில் பதினோராவது வரி. சிமெண்ட் கலவை பற்றி எழுதியவர். அந்தப் பெயர்களெல்லாம் எனக்குத் தலைகீழாகச் சொல்லத் தெரியும்.

சின்னத் தப்புங்க சார், சரி பண்ணிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர்களும் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்கள்.

"நான் போடாத ஏழு மேற்கோள் கடைசிப் பக்கத்துல இருந்துச்சுங்க. பாக்காமச் சரின்னு சொல்லிட்டேன்."

"அடக் கடவுளே! அதெப்படிங்க மேடம், நம்ம கட்டுரையவே பாக்காம விடுவோம்?" என்று துறைத் தலைவர் சிரித்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது.

என் கோபத்துக்கு அது சரியான தீனி. ஆனால் கோபம் வரவில்லை. அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த வேலை போச்சு என்றும் தெரிந்தது.

"உங்க சிமெண்ட் கட்டுரையோட கடைசிப் பக்கத்த ஒருக்காப் பாத்துருங்க சார்" என்றேன்.

சிரிப்பு நின்றது. அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.